தூண்களில் எஞ்சிய கைகள்

பள்ளியில் வரலாறு கற்பிக்கும் நான், இருபத்தைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு வகுப்பிற்கும் ஒரு குறிப்பைச் சொல்லி எழுதச் செய்து வந்தேன். "கி.பி. 476ஆம் ஆண்டில் மேலை ரோமப் பேரரசு வீழ்ந்தது, அதன்பின் நாகரிகமற்ற கூட்டத்தார் இத்தாலி நாட்டைச் சீரழித்தனர், ஜஸ்டினியன் சக்கரவர்த்தி அதனை அவர்களிடமிருந்து மீட்டார்" என்பதே அக்குறிப்பு. மாணவர்கள் அதனை மனப்பாடம் செய்தனர், தேர்வில் எழுதினர், மதிப்பெண்ணும் பெற்றனர். நான் அதைப் பற்றி மறுமுறை எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரு கோடை விடுமுறையில் இத்தாலிக்குச் சென்றிருந்தபோது, பழைய தேவாலயம் ஒன்றின் சுவரைக் கண்டேன். என் குறிப்பில் இருந்த பிழையை அச்சுவர் எனக்கு எடுத்துக் காட்டிற்று. அந்தக் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தாலிக்குச் செல்லும் யாத்திரிகர் பெரும்பாலும் ரோமாபுரி, பிளாரென்ஸ், வெனிஸ் ஆகிய மூன்று நகரங்களைக் கண்டு திரும்புவர். நானும் என் மனைவியும் அவ்வாறே தொடங்கினோம். வத்திக்கானில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய விதானத்தைக் கழுத்து நோவ அண்ணாந்து பார்த்தோம். கண்டது அற்புதமே, ஆயினும் கூட்டம் நம்மை நிற்க விடுவதில்லை. கடைசியில் மூன்று நாள்கள் கையில் மிஞ்சின. அவற்றை ராவென்னா என்னும் சிறு நகருக்கென ஒதுக்கினோம். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவக் கலையை அதன் பொலிவு குன்றாமல் காண விரும்புவோர் அங்குதான் செல்ல வேண்டும். அந்நகரின் எட்டுப் பழங்கட்டடங்களை 1996ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது.

போலோனியாவிலிருந்து புறப்பட்ட ரயில் சமவெளியில் ஓடிற்று. இருபுறமும் வயல்களும் கால்வாய்களும் பழத்தோட்டங்களும் தென்பட்டன. மலையில்லை, கோட்டையில்லை, பேரரசின் தலைநகர் இருந்ததற்குரிய அறிகுறி எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் 402ஆம் ஆண்டில் ஹொனோரியஸ் சக்கரவர்த்தி தம் அரசவையை இங்கேதான் கொண்டுவந்தார். கோத்தியர் படை வட இத்தாலிக்குள் புகுந்த காலம் அது. ராவென்னாவைச் சுற்றிலும் அந்நாளில் சதுப்பு நிலம். எதிரியின் குதிரைப்படை அணுக முடியாது. மறுபுறம் கடல். அகஸ்டஸ் காலத்திலேயே அமைந்த கிளாஸே என்னும் கடற்படைத் துறைமுகம் அருகில் இருந்தது. சதுப்பும் கடலுமே அந்நகரின் மதில்கள். இன்று கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. துறைமுகம் இருந்த இடம் வயலாகிவிட்டது.

ராவென்னாவின் ஆலயங்கள் வெளிப்பார்வைக்கு மிக எளியவை. சிவந்த செங்கல் சுவர், சாய்ந்த ஓட்டுக் கூரை, அருகே ஓர் உருண்டையான மணிக்கூண்டு, அவ்வளவுதான். நாங்கள் முதலில் சென்றது காலா பிளாசிடியாவின் கல்லறை என்று வழங்கும் கட்டடம். அவ்வம்மையார் தியோடோசியஸ் சக்கரவர்த்தியின் மகள். தம் இளமைந்தனுக்காகப் பேரரசை ஆண்டவர். 450ஆம் ஆண்டில் ரோமாபுரியில் காலமானவர். அவர் பெயரால் வழங்கும் அக்கட்டடம் சிலுவை வடிவில் அமைந்த ஒரு சிற்றறையே. தலை குனிந்து உள்ளே நுழைந்தோம். முதலில் இருள். சன்னல்களில் பொருத்திய அலபாஸ்டர் என்னும் மெல்லிய கற்பலகைகளின் ஊடே தேன் நிறத்தில் சிறிது ஒளி வந்தது. கண் பழகப் பழக, எங்கள் தலைக்குமேல் ஆழ்ந்த நீலவானம் விரிந்தது. அதில் நூற்றுக்கணக்கான பொன் விண்மீன்கள் வட்டம் வட்டமாக நின்றன.

மொசைக் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வீட்டுத் தரை. ராவென்னாவிலோ அது தரையை விட்டுச் சுவருக்கும் விதானத்துக்கும் ஏறிவிட்டது. சுவரில் ஈரச் சுண்ணச் சாந்தைப் பூசுவர். அது உலர்வதற்குள், விரல்நகம் அளவேயுள்ள கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதிப்பர். பொன்னிறம் வேண்டுமிடத்தில், இரு கண்ணாடிப் படலங்களுக்கு இடையே பொற்றகடு வைத்துச் செய்த சில்லுகளைப் பயன்படுத்துவர். சில்லுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. ஒன்று சற்று மேல்நோக்கியும் மற்றொன்று சற்றுப் பக்கம் சாய்ந்தும் இருக்கும். ஆகவே நாம் ஓரடி நகர்ந்தாலும் வேறு சில்லுகள் ஒளிவிடுகின்றன. வண்ணம் தீட்டிய ஓவியம் காலத்தால் மங்கும். கண்ணாடியின் நிறம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்தும் மங்கவில்லை. ஆனால் ஓவியத்தின் மேல் வேறு வண்ணம் பூசி மறைப்பது எளிது; மொசைக்கை மாற்ற வேண்டுமாயின் சில்லுகளைப் பெயர்த்தெடுத்து வேறு சில்லுகளைப் பதிக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி, என் குறிப்பில் "நாகரிகமற்ற கூட்டத்தார்" என்று நான் ஒரே சொல்லில் முடித்துவிட்டவர்களின் வரலாற்றைச் சிறிது காண்போம். 476ஆம் ஆண்டில் கடைசி மேலைச் சக்கரவர்த்தியை நீக்கிய ஓடோவாக்கர் என்னும் படைத்தலைவர் ராவென்னாவிலிருந்தே இத்தாலியை ஆண்டார். கான்ஸ்டான்டினோபிளில் இருந்த கீழைச் சக்கரவர்த்தி அவர்மீது ஏவியவர் தியோடோரிக். கீழைக் கோத்தியரின் அரசர். சிறுவயதில் பத்தாண்டுகள் பிணையாளாகக் கான்ஸ்டான்டினோபிள் அரண்மனையில் வளர்ந்தவர். ரோமரின் ஆட்சிமுறையை நேரிற் கண்டவர். மூன்றாண்டுகள் ராவென்னாவை முற்றுகையிட்டார். 493ஆம் ஆண்டில் இருவரும் சேர்ந்து ஆள்வதாக உடன்படிக்கை ஆயிற்று. அதையொட்டி நடந்த விருந்திலேயே தியோடோரிக் ஓடோவாக்கரைத் தம் வாளால் வெட்டிக் கொன்றார். தொடக்கம் இத்தகையது, இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதன்பின் வந்த முப்பத்து மூன்று ஆண்டுகள் வேறு வகையானவை. தியோடோரிக் ரோமரின் சட்டத்தை அழிக்கவில்லை; செனட் சபையைக் கலைக்கவில்லை. வரி, நீதி, எழுத்து வேலை ஆகியவை ரோமரிடமும், படை கோத்தியரிடமும் இருந்தன. காசியோடோரஸ் என்னும் ரோமக் கல்விமான் அவருடைய அரசாங்கக் கடிதங்களை எழுதினார். பழுதுற்றிருந்த நீர்வாய்க்காலை அரசர் செப்பனிட்டு ராவென்னாவுக்கு மீண்டும் நன்னீர் வரச் செய்தார். கோத்திய மொழியில் பெயர்த்த சுவிசேஷங்கள், ஊதா நிறத் தோலில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதப்பட்ட ஒரு நூலாக இன்றும் உள்ளன. சுவீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் அந்நூல், இவ்வரசர் காலத்து ராவென்னாவில் எழுதப்பட்டது என்றே அறிஞர் கருதுகின்றனர். இத்தகைய நூலை எழுதுவித்த மக்களை எழுத்தறியாக் கூட்டத்தார் என்று எப்படிச் சொல்வது?

கோத்தியருக்கும் ரோமருக்கும் இடையே மொழி மட்டும் தடையாக நிற்கவில்லை. சமயக் கொள்கையும் நின்றது. இருவரும் கிறிஸ்தவர்களே. ஆனால் கோத்தியர் ஏரியஸ் என்னும் அலெக்சாந்திரியா நகரத்துக் குருவின் கொள்கையைப் பின்பற்றினர். சுதனாகிய கிறிஸ்து பிதாவினால் படைக்கப்பட்டவர், ஆகவே பிதாவுக்கு இணையானவர் அல்லர் என்பது அவர் போதனை. 325ஆம் ஆண்டில் நைசியா நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அதனைத் தவறென்று விலக்கியது. ஆயினும் கோத்தியருக்குக் கிறிஸ்தவ சமயத்தைக் கொண்டுசென்று, அவர்கள் மொழிக்கு எழுத்தும் வகுத்துத் தந்த உல்பிலாஸ் என்னும் ஆயர் ஏரியஸின் வழியைச் சார்ந்தவராக இருந்தார். அதனால் ராவென்னாவில் ஒரே இறைவனை வழிபட்ட இரு பிரிவினருக்கும் தனித்தனி ஆயர், தனித்தனி ஆலயம், தனித்தனி ஞானஸ்நான மண்டபம் என்று எல்லாம் இரண்டிரண்டாக அமைந்தன.

அவ்விரு ஞானஸ்நான மண்டபங்களும் இன்றும் நிற்கின்றன. ஒன்று ரோமர் பிரிவினருடையது, மற்றொன்று கோத்தியருடையது. இரண்டும் எண்கோண வடிவமானவை. முதல் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தோம். யோர்தான் ஆற்றில் இயேசுநாதர் நிற்கிறார். யோவான் அவருக்கு ஞானஸ்நானம் அளிக்கிறார். மேலே புறா வடிவில் பரிசுத்த ஆவி. ஆறே ஒரு முதியவராக உருவெடுத்து நீரில் அமர்ந்திருக்கிறது. சுற்றிலும் பன்னிரு சீடர். பத்து நிமிடம் நடந்து இரண்டாம் மண்டபத்துக்குச் சென்றோம். அங்கும் அதே ஆறு, அதே யோவான், அதே புறா, அதே முதியவர், அதே பன்னிரு சீடர். இரு பிரிவினரும் எதற்காகப் பிரிந்தனர் என்பதை அந்த விதானங்களைக் கொண்டு மட்டும் ஒருவர் கண்டுபிடிக்க இயலாது. என் மனைவி, "இதற்காகவா இவர்கள் தனித்தனியே கட்டிக்கொண்டார்கள்?" என்று கேட்டார். வரலாற்றாசிரியனாகிய என்னிடம் உடனே சொல்ல விடை இல்லை.

மறுநாள் காலையில் புனித அப்பொலினாரிஸ் பெயரால் வழங்கும் புதிய ஆலயத்துக்குச் சென்றோம். "புதிய" என்ற சொல்லைக் கண்டு ஏமாறாதீர்கள். தியோடோரிக் தம் அரண்மனைக்கருகே தம் பிரிவினருக்காகக் கட்டிய ஆலயம் அது. நீண்ட நடுக்கூடம், அதன் இருமருங்கிலும் வரிசைக்குப் பன்னிரண்டாக இருபத்து நான்கு பளிங்குத் தூண்கள். தூண்களுக்கு மேலே இரு சுவர்களும் முழுவதும் மொசைக்கால் நிறைந்தவை. அவற்றை மூன்று அடுக்காகப் பார்க்க வேண்டும். உச்சியடுக்கில் இயேசுநாதரின் வரலாறு. ஒரு பக்கத்தில் அவர் புரிந்த அற்புதங்களும் கூறிய உவமைகளும், எதிர்ப்பக்கத்தில் அவருடைய பாடுகளும் உயிர்த்தெழுதலும். நடுவடுக்கில் சன்னல்களுக்கிடையே ஏடு ஏந்திய வெண்ணாடைப் பெரியோர். இவ்விரண்டும் தியோடோரிக் காலத்தவை.

கண்ணுக்கு மிக அருகிலுள்ள கீழடுக்கில் இரண்டு ஊர்வலங்கள் செல்கின்றன. வலச்சுவரில் இருபத்தாறு வேதசாட்சிகள் கையில் முடி ஏந்திக் கிறிஸ்துவின் அரியணையை நோக்கி நடக்கின்றனர். இடச்சுவரில் இருபத்திரண்டு கன்னியர், மூன்று ஞானிகள் முன்செல்ல, தேவமாதாவை நோக்கி நடக்கின்றனர். கன்னியரின் ஊர்வலம் புறப்படும் இடத்தில் கிளாஸே துறைமுகமும் கப்பல்களும் காணப்படுகின்றன. வேதசாட்சிகளின் ஊர்வலம் புறப்படும் இடத்தில் தியோடோரிக்கின் அரண்மனை. வளைவுகளும் வெண்டூண்களும் உடைய அம்மாளிகையின் நெற்றியில் "பலாத்தியும்", அதாவது அரண்மனை, என்று எழுதியிருக்கிறது. தூணுக்குத் தூண் வெண்திரைகள் தொங்குகின்றன. மாளிகையில் மனிதர் ஒருவரும் இல்லை. அரசர் வீற்றிருக்க வேண்டிய நடுவிடமும் வெறுமையாக இருக்கிறது.

நான் கையேட்டைப் பிரித்து வேதசாட்சிகளின் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அரண்மனையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிறிது நேரம் கழித்து மெல்லிய குரலில், "இங்கே பாருங்கள், அந்தத் தூணின்மேல் யாருடைய கை?" என்று கேட்டார். நான் பார்த்தேன். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண்டேன். வெண்ணிறத் தூணின் நடுவே ஒரு மனிதக் கை. விரல்கள் தெளிவாக இருந்தன. அந்தக் கைக்குரிய உடல் இல்லை. உடல் இருக்க வேண்டிய இடத்தில் திரை தொங்குகிறது. சற்றுத் தள்ளி வேறொரு தூணிலும் ஒரு கை. எண்ணிப் பார்க்கப் பார்க்க இன்னும் சில. மறைந்துபோன மனிதர் சிலர் அந்த மாளிகையில் இன்னும் கை உயர்த்தி நின்றுகொண்டிருந்தனர்.

நடந்தது இதுதான். தியோடோரிக் 526ஆம் ஆண்டில் இறந்தார். அவர் மகள் அமலசுந்தா தம் சிறுமகனுக்காக ஆட்சி நடத்தினார். பின்னர் 535ஆம் ஆண்டில் கொலையுண்டார். அதையே காரணமாகக் காட்டி ஜஸ்டினியன் சக்கரவர்த்தி இத்தாலியின்மீது படையெடுத்தார். அவருடைய தளபதி பெலிசாரியஸ் 540ஆம் ஆண்டில் ராவென்னாவுக்குள் புகுந்தார். பின்னர் ஏரியஸ் பிரிவினரின் ஆலயங்கள் எல்லாம் வென்றவர்களின் பிரிவினருக்கு உரிமையாயின. பேராயர் அக்னெல்லஸ் காலத்தில், ஏறத்தாழ 561ஆம் ஆண்டில், தியோடோரிக்கின் ஆலயம் புனித மார்ட்டின் பெயரால் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டது. மார்ட்டின், ஏரியஸின் கொள்கையை எதிர்த்தவர் என்று புகழ்பெற்றவர். அவரே வேதசாட்சிகளின் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கிச் செல்கிறார். அப்பொலினாரிஸ் என்னும் பெயர் ஒன்பதாம் நூற்றாண்டில்தான் வந்தது.

அப்பொழுது இச்சுவரில் இருந்த அரசரையும் அவர் அவையினரையும் அகற்ற வேண்டும் என்று முடிவு செய்தனர். இயேசுநாதரின் வரலாற்றையும் பெரியோரின் உருவங்களையும் அவர்கள் தொடவில்லை. அவற்றில் விலக்க வேண்டிய கொள்கை எதுவும் தென்படவில்லை போலும். கீழடுக்கில் மட்டும் சில்லுகளைப் பெயர்த்தனர். முன்பு அங்கே நடந்தவர் தியோடோரிக்கும் அவர் சுற்றத்தாருமே என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருத்து. அவர்களுக்குப் பதிலாக வேதசாட்சிகளும் கன்னியரும் வந்தனர். மாளிகையில் நின்றவர்களைப் பெயர்த்துவிட்டுத் திரைகளைத் தொங்கவிட்டனர். துறைமுகப் பக்கத்திலும், நகர மதிலின் முன் நின்றவர்களை எடுத்துவிட்டுச் செங்கல் நிறச் சில்லுகளைப் பதித்தனர். அங்கே பழைய உருவங்களின் வரைவு நிறவேறுபாட்டால் இன்றும் மங்கலாகத் தெரிகிறது. ஆனால் தூண்களின்மீது நீண்டிருந்த கைகளை எடுக்க வேண்டுமாயின், தூண்களையே பெயர்த்து மறுபடி அமைக்க வேண்டியிருந்திருக்கும். அந்த வேலையை யாரும் செய்யவில்லை. சிக்கனமோ, அவசரமோ, சோம்பலோ, வேலை செய்தவரின் மனத்தயக்கமோ, கைகள் தப்பிவிட்டன.

அன்று பிற்பகல் புனித விட்டாலிஸ் ஆலயத்தைக் கண்டோம். எண்கோண வடிவில் எழுந்து நிற்கும் அவ்வாலயத்தின் குவிமாடத்தை, பாரம் குறையும்பொருட்டு, ஒன்றினுள் ஒன்று செருகிய உள்ளீடற்ற மண்குழாய்களால் கட்டியிருக்கின்றனர். பீடத்தின் இருபுறமும் உலகப் புகழ்பெற்ற இரு சித்திரங்கள் உள்ளன. ஒருபுறம் பொற்றட்டு ஏந்திய ஜஸ்டினியன், அமைச்சரும் வீரரும் குருமாரும் சூழ நிற்கிறார். எதிரே பொற்கிண்ணம் ஏந்திய ராணி தியோடோரா. அவருடைய மேலாடையின் ஓரத்தில் மூன்று ஞானிகளின் உருவம் பின்னப்பட்டிருக்கிறது. இருவர் தலையைச் சுற்றிலும் ஒளிவட்டம். சக்கரவர்த்தியின் அருகில் நிற்கும் பேராயர் மாக்ஸிமியன் ஒருவருக்கு மட்டுமே தலைக்குமேல் பெயர் பொறித்திருக்கிறது. ஜஸ்டினியனும் தியோடோராவும் ராவென்னா நகரில் ஒருநாளேனும் கால் வைத்தவர் அல்லர். அங்கே வாழ்ந்து, ஆண்டு, ஆலயம் கட்டிய அரசர் சுவரிலிருந்து மறைந்தார். அங்கே வாராத அரசர் சுவரில் நிலைபெற்றார்.

இந்த ஆலயத்தைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. 547ஆம் ஆண்டையொட்டி அர்ச்சிக்கப்பட்டபோது ஆட்சி ஜஸ்டினியனுடையது. ஆனால் இதைக் கட்டத் திட்டமிட்டுத் தொடங்கியவர் எக்லேசியஸ் என்னும் ஆயர். 532ஆம் ஆண்டில் காலமானவர். அதாவது, ஏரியஸ் பிரிவினரான கோத்தியர் ஆண்டுகொண்டிருந்த காலத்திலேயே, எதிர்ப்பிரிவின் ஆயர் தலைநகரின் நடுவே இத்துணைப் பெரிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்ட முடிந்தது. யூலியானஸ் என்னும் வட்டிக்கடைப் பெருவணிகர் இதற்கு 26,000 பொற்காசு செலவிட்டார் என்று அந்நகரின் பழைய வரலாறு கூறுகிறது. கோத்திய அரசு அதைத் தடுக்கவில்லை. நான் வகுப்பில் சொன்ன "நாகரிகமற்ற கூட்டத்தார்" தங்களுக்கு உடன்பாடில்லாதவரின் வழிபாட்டைத் தடை செய்யவில்லை. "மீட்டவர்"தான் மற்றவர் சுவரைப் பெயர்த்தார். அந்த ஆலயத்தின் விசுப்பலகையில் உட்கார்ந்து, இருபத்தைந்து வகுப்புக்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எத்தனை குறிப்பேடுகளில் என் வாக்கியம் எழுதப்பட்டிருக்கும்! கோத்தியரைச் சுவரிலிருந்து அகற்றியவர் ஒரு பேராயர் மட்டுமல்லர். சிறிய அளவில் நானும் அதே வேலையைச் செய்திருக்கிறேன் என்று தோன்றிற்று.

மூன்றாம் நாள் நகருக்கு வெளியே உள்ள தியோடோரிக்கின் கல்லறைக்கு நடந்து சென்றோம். மற்றக் கட்டடங்களெல்லாம் செங்கல். இது மட்டும் கடலுக்கு அப்பாலுள்ள இஸ்திரியாவிலிருந்து கொணர்ந்த வெண்கல்லால் ஆனது. பத்துப் பக்கங்களும் இரண்டு தளங்களும் உடையது. அதன் கூரை ஒரே கல். பத்து மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் இருநூறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் உள்ள ஒரே கல். அதில் ஒரு பெரிய விரிசல் ஓடுகிறது. மேல்தளத்தில் செங்கருங்கல்லைக் குடைந்து செய்த ஒரு தொட்டி இருக்கிறது. அதில் எதுவும் இல்லை. அரசரின் உடல் நெடுங்காலத்துக்கு முன்பே அகற்றப்பட்டுவிட்டது.

அந்த வெற்றுத் தொட்டியின் அருகே நின்றபோது என் உள்ளம் தியோடோரிக்கின் பக்கம் முழுவதும் சாய்ந்திருந்தது. அப்போதுதான் வரலாறு படிப்பவனுக்குரிய எச்சரிக்கை வந்தது. விருந்தில் கொலையுண்ட ஓடோவாக்கரை நான் மறந்துவிடலாமா? தியோடோரிக்கின் இறுதியாண்டுகளில் ஐயம் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. அவருடைய அவையிலேயே உயர்பதவி வகித்த போய்தியஸ் என்னும் பேரறிஞர் மீது இராஜத்துரோகம் சாட்டப்பட்டது. சிறையில் இருந்தபடி அவர் எழுதிய "தத்துவத்தின் ஆறுதல்" ஐரோப்பா முழுவதும் ஆயிரம் ஆண்டுகள் படிக்கப்பட்டது. எழுதியவரோ ஏறத்தாழ 524ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். போப்பாண்டவர் முதலாம் யோவானும் 526ஆம் ஆண்டில் இவ்வரசரின் சிறையிலேயே உயிர்நீத்தார். ராவென்னாவில் யூதரின் தொழுகைக் கூடங்களை மக்கள் கூட்டம் எரித்தபோது, எரித்தவர்களே செலவு கொடுத்துக் கட்டித்தர வேண்டும் என்று தீர்ப்பளித்தவரும் இவரே. நீதியும் கொடுமையும் ஒரே மனிதரிடம் இருந்தன. கோத்தியரை மீண்டும் சுவரில் நிறுத்த வேண்டும் என்னும் ஆர்வத்தில் போய்தியஸைப் பெயர்த்தெடுத்தால், நானும் வேறு நிறச் சில்லுகளைப் பதித்த ஒருவனாகவே ஆவேன்.

ஜஸ்டினியனுக்கும் இதே நீதி உரியது. ரோமச் சட்டத்தைத் தொகுப்பித்தவர் அவர். கான்ஸ்டான்டினோபிளில் ஹேகியா சோபியாவை எழுப்பியவர் அவர். ராவென்னாவின் கலை அவர் காலத்தில்தான் உச்சத்தை எட்டியது. ஆனால் இத்தாலியை "மீட்ட" போர் 535 முதல் 554 வரை நீடித்தது. ரோமாபுரி பலமுறை முற்றுகைக்கு உள்ளாயிற்று, நகருக்கு நீர் கொண்டுவந்த வாய்க்கால்கள் துண்டிக்கப்பட்டன, வயல்கள் தரிசாயின, பஞ்சம் பரவியது. ஜஸ்டினியன் இறந்த மூன்றே ஆண்டுகளில், 568இல், லொம்பார்டியர் வடக்கிலிருந்து புகுந்து நாட்டின் பெரும்பகுதியைக் கைக்கொண்டனர். நான் சொல்லிக்கொடுத்த மூன்று பகுதி வாக்கியத்தில் சரியாக எஞ்சியது 476 என்னும் ஆண்டு மட்டுமே.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அந்தப் பாடம் வந்தபோது, பழைய குறிப்பைச் சொல்லவில்லை. ஆலயச் சுவரின் படம் ஒன்றை வகுப்பில் கைமாற்றிக் காட்டி, "இதில் என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டேன். திரை என்றனர், தூண் என்றனர். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி, "ஐயா, தூணில் கை இருக்கிறது" என்றாள். அதிலிருந்து தொடங்கி, உங்களுக்கு இன்று சொன்னதையெல்லாம் சொன்னேன். முடிவில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, தேர்வில் எதை எழுதுவது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. "ஆண்டுகளையும் நிகழ்ச்சிகளையும் எழுது. யார் கட்டினார், யார் அழித்தார் என்பதை எழுது. 'நாகரிகமற்ற' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடு. அதனால் மதிப்பெண் குறைந்தால் என்னிடம் வா" என்றேன்.

மாணவ நண்பர்களே, வரலாற்று நூல்களும் ஒருவகைச் சுவர்களே. அவற்றில் தெரியும் திரைகளைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள்; தூண்களையும் ஒருமுறை பாருங்கள். முற்காலத்தில் என்னிடம் பாடம் கேட்டவர் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய குறிப்பேடு இன்னும் இருக்குமானால், அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் பழைய வாக்கியத்தை முழுவதும் அழித்துவிட வேண்டாம். அதன்மேல் ஒரு கோடு மட்டும் இழுத்து, அருகில் புதியதை எழுதுங்கள். உங்கள் ஆசிரியன் ஒருகாலத்தில் எவ்வாறு தவறினான் என்பதும் தெரிந்திருக்கட்டும்.